ஸ்கூடாயில் லாகிரியும் ஜீவனமும்

ஜொகூர் பாருவுக்கு வருகிற பிரயாணிகளை உள்ளூர் நண்பர்கள் தவறாமல் அழைத்துச் செல்லும் இடம் டான் ஹியோக் நீ தெரு. இரண்டு மாடிப் பழைய கடைவீடுகளும், வெயிலில் சாயம் போன மரச் சன்னல்களும், அஞ்சடி நடைபாதையில் நாற்காலி போட்டுக் காப்பி விற்கிற புதுக் கடைகளும், விறகடுப்பில் சுட்ட வாழைப்பழக் கேக்குக்காக வரிசையில் நிற்கும் சிங்கப்பூர்வாசிகளுமாக அந்தத் தெரு வெகு சௌக்கியமாக இருக்கிறது. தெருவின் பெயருக்கு உரியவர், பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜொகூர்க் காடுகளைத் திருத்தி மிளகு பயிரிட்ட சீனர்களின் தலைவராக விளங்கியவர். 1870-இல் டான் செங் போ, சியாங் ஹொங் லிம் என்னும் இரண்டு தனவந்தர்களோடு கூட்டுச் சேர்ந்து, சிங்கப்பூருக்கும் ஜொகூருக்குமாக அபினிக் குத்தகையைச் சேர்த்து எடுத்தவர். இந்த விவரத்தைக் கேக்குப் பெட்டியில் அச்சிட வேண்டும் என்பது என் கட்சியன்று. ஆனால் அங்கிருந்து ஸ்கூடாய்க்குப் பஸ் ஏறுகிறவனுக்கு இது ஞாபகத்தில் இருப்பது நல்லது.

பஸ் ஜலசந்தியின் கரையோரமாகவே சற்றுத் தூரம் போகிறது. எதிர்க்கரையில் சிங்கப்பூரின் மரங்களும் கட்டிடங்களும் கூப்பிடு தூரத்தில் தெரிகின்றன. பிறகு தம்போய், அங்கே, தலைமுறை தலைமுறையாக ஜொகூர் ஜனங்கள் கேலிக்கும் பயத்துக்கும் உபயோகித்து வரும் மனநோய் ஆஸ்பத்திரி. அதைத் தாண்டினால் மேம்பாலங்களும், வாகன உதிரிச் சாமான் கடைகளும், ஒன்றைப் போலவே மற்றொன்று தோன்றும், தாமான் எனப்படும் வீடமைப்புக் குடியிருப்புகளும் வரிசையாக வந்து, ஊர் எங்கே ஆரம்பிக்கிறது என்று நிச்சயிப்பதற்குள் ஸ்கூடாய்க்கு வந்துவிடுகிறோம். மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இங்கேதான் இருக்கிறது. ஆகையால் மாணாக்கர்கள் ஏராளம். மாணாக்கர்கள் ஏராளமாதலால் மலிவான சாப்பாட்டுக் கடைகளும் ஏராளம். பிரயாணிகள் பார்ப்பதற்கு இங்கே ஒன்றுமில்லை என்று சொல்வார்கள். ஒரு நதி இருக்கிறது.

ஸ்கூடாய் ஆறு அகலத்தில் பெரியதன்று. அழகிலும் பிரசித்தி பெற்றதன்று. ஆயினும் ஜொகூரின் சரித்திரம் ஒருவகையில் இதன் கரையிலேதான் தொடங்குகிறது. ஜொகூரை ஆண்ட தெமெங்கோங் இப்ராஹிம் 1844-இல் சீனக் குடிகளுக்கு ஆற்றுப் பத்திரங்களை வழங்கத் தலைப்பட்டபோது, முதன்முதலில் எழுதிக் கொடுக்கப்பட்ட ஆறுகளில் ஸ்கூடாயும் ஒன்று. பத்திரம் பெற்றவனுக்குக் கங்சூ என்று பெயர். ஆற்றங்கரைக் காட்டை வெட்டி மிளகும் காம்பியரும் பயிரிடும் உரிமை அவனுக்கு உண்டு. அதோடுகூட, அந்தக் குடியிருப்பில் அபினியும் சாராயமும் விற்கவும், சூதாட்டம் நடத்தவும், அடகு பிடிக்கவும், பன்றியிறைச்சி விற்கவும் ஏகபோகமும் அவனுடையதே. காம்பியர் இலையைப் பெரிய கொப்பரைகளில் இட்டுக் காய்ச்சித் தோல் பதனிடும் சத்தை எடுப்பதற்காக அடுப்பு அணையாமல் எரிய வேண்டும். அடுப்பு அணையாமலிருக்கக் காடு இடைவிடாமல் வெட்டப்பட வேண்டும். காட்டை வெட்டுவதற்கு, கப்பல் கூலியையே கடனாகத் தலையில் சுமந்து வந்திறங்கிய கூலியாட்கள் வேண்டும். அவர்களுக்கு மலைஜுரம் வரும், சீதபேதி வரும், முழங்காலுக்குக் கீழே ஆறாத ரணங்கள் வரும். வைத்தியன் கிடையாது. அபினி உண்டு. அது பேதியைக் கட்டும், இருமலை அடக்கும், வலியை மறக்கடிக்கும், மறுநாள் காலையில் கோடரியைத் தூக்க வைக்கும். ஆகவே அந்தக் கூலியாள் அபினியை முதலில் வாங்கியது மருந்தாகத்தான். வாங்கிய கடை முதலாளியின் கடை; எழுதிய கணக்கு முதலாளியின் கணக்கு. கூலி ஒரு கையால் கொடுக்கப்பட்டு மறு கையால் திரும்பப் பெறப்பட்டது.

சிங்கப்பூரில் வைத்தியம் பார்த்த ராபர்ட் லிட்டில் என்பவர் 1848-இலேயே அபினிப் பழக்கத்தைப் பற்றி நீண்டதோர் ஆராய்ச்சி எழுதி வெளியிட்டார். படித்தவர்கள் பரிதாபப்பட்டார்கள். சர்க்காரோ சிங்கப்பூர் உள்ளிட்ட நீரிணைக் குடியேற்றங்களின் வருமானத்தில் பல வருஷங்கள் ஏறக்குறையப் பாதியை அபினியிலிருந்தே பெற்று வந்தது. 1910-இல் குத்தகைக்காரர்களை விலக்கிவிட்டுத் தானே வியாபாரத்தை ஏற்று நடத்தியது. 1933-இல் சென் சு லான் என்னும் சீன வைத்தியர் சிங்கப்பூரில் அபினியை விட விரும்புகிறவர்களுக்காக ஒரு சிகிச்சைசாலையைத் திறந்தபோது, நகரத்தில் அபினியால் அதிகம் மெலிந்திருந்தவர்கள் ரிக்‌ஷா இழுப்பவர்களும் கூலிகளுமே. நாள் முழுதும் மனிதனை வைத்து மனிதன் இழுக்கும் தொழிலை, வயிறு நிறையாத தேகம் வேறு எதன் பலத்தில் செய்யும்?

சீனரைப் பற்றிப் பேசிவிட்டு நம்மவரைப் பற்றிப் பேசாமல் போவது நியாயமாகாது. ரப்பர்த் தோட்டங்கள் வந்த பிறகு தமிழனுக்கென்று தனி லாகிரி ஒன்று ஏற்பாடு செய்யப்பட்டது. தொழிலாளர் வசிக்கும் லயங்களுக்குப் பக்கத்திலேயே கள்ளுக்கடை. மத்தியானத்தோடு பால்மர வெட்டு முடிகிறது, கடையின் கதவு திறக்கிறது. கள்ளுக்கடையின் லாபத்திலிருந்து தொழிலாளர் நலத்துக்கென்று ஒரு நிதி ஒதுக்கி, அதில் கோயில் திருவிழாவுக்கும் விளையாட்டுக்கும் செலவு செய்த தோட்டங்களும் உண்டு என்று கேட்கும்போது சிரிப்பதா கோபிப்பதா என்று தெரியவில்லை. இதை நம்முடைய ஜனங்கள் சும்மா சகித்துக்கொண்டிருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1941-இல் ஆர். எச். நாதன் முன்னின்று கிள்ளான் வட்டாரத்துத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு சேர்த்து அவர்கள் கேட்டவற்றில் ஒன்று கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பது. 1947-இல் கெடாவில் தொண்டர் படையினர் கள்ளுக்கடை மறியல் செய்து போலீசாரின் அடக்குமுறைக்கு ஆளானார்கள். குடித்தவர்களின் பெண்டு பிள்ளைகளே இந்த இயக்கத்துக்கு உயிர். குடியினால் வயிறு காய்ந்தது அவர்களுக்குத்தானே.

ஸ்கூடாயில் நான் தங்கியது ஓய்வு பெற்ற ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியரின் வீட்டில். தோட்டத்தில் பிறந்தவர், தாயும் தந்தையும் பால்மரம் வெட்டியவர்கள். “வாங்க, பசியாறிட்டுக் கெளம்புவோம்” என்று காலையிலேயே என்னைக் கூட்டிக்கொண்டு போய், ஓர் ஒட்டுக்கடையில் ரொட்டி சானாயும் தே தாரிக்கும் வாங்கிக் கொடுத்து, பிறகு தம் பழைய காரில் பழைய தோட்டங்களைச் சுற்றிக் காட்டினார். காட்டினார் என்பது உபசார வார்த்தை. தோட்டம் எதுவும் கண்ணில் படவில்லை. ரினி தோட்டத்தின் பெயர் இன்று ஒரு தாமானுக்கும் ஒரு தமிழ்ப்பள்ளிக்கும் மிஞ்சியிருக்கிறது. மரங்கள் நின்ற இடத்தில் இணைவீடுகளும் வங்கிகளும் நிற்கின்றன. நிலம் கைமாறியபோது முதலாளிக்குப் பணம் கிடைத்தது. வாங்கியவருக்கு வீட்டுமனை கிடைத்தது. லயத்திலிருந்தவர்களுக்குச் சில இடங்களில் சொற்ப ஈட்டுத்தொகையும், சில இடங்களில் மலிவு விலை அடுக்குமாடியில் ஒரு வீடும் கிடைத்தன; சில இடங்களில் வெளியேறும்படி ஒரு கடிதம் மட்டும் கிடைத்தது. ஆனால் தோட்டத்தில் வேலையோடு ஒட்டி வந்த சமாசாரங்கள், அதாவது வீடு, தண்ணீர், குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகை, தோட்டத்து மருந்தகம், மாலையில் கூடுகிற கோயில் முற்றம் எல்லாம் ஒரே நாளில் போய்விட்டன. “அந்தப் புள்ளைங்க நாலாவது மாடியில ஒரே ரூம்ல வளந்தாங்க. மரமேறத் தெரியும், லிப்டு ஏறத் தெரியாது” என்றார் ஆசிரியர். அவர் குறிப்பிட்டது தம்மிடம் படித்தவர்களை. அவர்களில் சிலர் வக்கீல்கள்; சிலர் லாரி உதவியாட்கள்; சிலர் இன்று உயிரோடு இல்லை.

அந்தப் பிள்ளைகள் வளர்ந்த காலத்தில் கள்ளுக்கடைக்குப் பதிலாக வேறு சரக்குகள் வந்திருந்தன. மட்டமான சம்சுச் சாராயம் ஒன்று, ஹெராயின் மற்றொன்று. 1983-இல் மலேசிய சர்க்கார் போதைப்பொருளை தேசத்தின் தலையாய சத்துரு என்று பிரகடனம் செய்தது. அதே வருஷத்துச் சட்டம், சிறுநீர்ச் சோதனையில் அகப்படுகிறவனை இரண்டு வருஷம் வரையில் புனர்வாழ்வு முகாமில் அடைத்து வைக்கவும், வெளியே வந்த பின்பு இன்னும் இரண்டு வருஷம் கண்காணிப்பில் வைக்கவும் இடம் கொடுத்தது. போதைப்பித்தர் என்று பத்திரிகைகள் எழுதும் இந்த ஜனங்களில் பெரும்பான்மையோர் மலாய்க்கார இளைஞர்கள் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். மீனவர், லாரி ஓட்டி, கட்டிட வேலைக்காரர். ஜாதியும் பாஷையும் வேறாக இருந்தாலும் உத்தியோகப் பட்டியல் ஒன்றாகவே இருக்கிறது.

ஹெராயினை முதலில் புகையாக இழுப்பார்கள். புகையில் பாதி காற்றோடு போய்விடும்; காசுள்ளவனுக்கு அது நஷ்டமன்று. கைக்காசு குறையக் குறைய, அதே பொட்டலத்தை ஊசியில் ஏற்றினால் வேகமும் அதிகம், வீணாவதும் இல்லை என்று கண்டுபிடிக்கிறான். ஊசியை வாங்க மருந்துக்கடைக்குப் போனால் முகத்தைப் பார்ப்பார்கள். ஊசியைப் பையில் வைத்துக்கொண்டு நடந்தால் போலீசார் பிடிப்பார்கள். ஆதலால் ஓர் ஊசியை நான்கு பேர் பகிர்ந்துகொண்டார்கள். மலேசியாவில் எச்.ஐ.வி. கிருமி பரவிய வரலாற்றை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. 2002-இல் மட்டும் புதிதாகக் கண்டறியப்பட்டவர்கள் 6,978 பேர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் ஊசி போட்டுக்கொண்டவர்கள். வறுமையும் போலீஸ் பயமும் சேர்ந்து ஒரே ஊசிக்குள் புகுந்தன.

மாற்றத்தைக் கொண்டு வந்தவர்கள் வைத்தியர்களும் தொண்டர்களும். மலாயாப் பல்கலைக்கழகத்தின் தொற்றுநோய் மருத்துவர் அடீபா கமாருல்ஸமான் போன்றவர்கள் சர்க்காரோடும் மதத்தலைவர்களோடும் பொறுமையாக வாதாடினார்கள். 2005-இல் ஹெராயினுக்கு மாற்றாக மெதடோன் மருந்து பரீட்சார்த்தமாகக் கொடுக்கப்பட்டது; 2006-இல் பழைய ஊசியை வாங்கிக்கொண்டு புதிய ஊசி கொடுக்கும் ஏற்பாடு மூன்று நகரங்களில் ஆரம்பமாயிற்று. கோலாலம்பூர், பினாங்கு, மூன்றாவது ஜொகூர் பாரு. பதினைந்து வருஷங்களுக்குள் புதிய தொற்றுகளில் ஊசி வழியே வந்தவை நூற்றுக்கு ஐந்துக்கும் கீழே இறங்கின. இத்தனைக்கும் ஒருவனுக்கும் உபதேசம் செய்து மனத்தைத் திருப்பவில்லை. சுத்தமான ஊசியையும் மாற்று மருந்தையும் கையில் கொடுத்தார்கள், அவ்வளவே.

முகாம்களின் கதை இதற்கு நேர்மாறானது. கட்டாய முகாமிலிருந்து வெளிவந்தவர்களையும், தாமாகவே மெதடோன் சிகிச்சைக்கு வந்து சேர்ந்தவர்களையும் பின்தொடர்ந்து கவனித்த ஓர் ஆராய்ச்சி லான்செட் பத்திரிகைக் குழுமத்தின் உலக சுகாதார இதழில் வெளியாயிற்று. முகாமிலிருந்து வந்தவர்களில் பாதிப் பேர் 31 நாளுக்குள் பழைய பழக்கத்துக்குத் திரும்பினார்கள். சிகிச்சைக்கு வந்தவர்களில் பாதிப் பேர் திரும்ப 352 நாள் ஆயிற்று. முகாமில் இருந்தவன் ஒழுக்கத்தில் குறைந்தவன் என்று இதற்கு அர்த்தம் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் வேறு விதமாக நினைக்கிறேன். வெளியே வருகிறவன் எங்கே போகிறான்? வேலை போயிருக்கும்; மனைவி பிறந்தகம் போயிருப்பாள்; அடையாள அட்டையை நீட்டும் இடத்திலெல்லாம் பழைய குற்றம் எழுந்து நிற்கும்; வரவேற்கிறவன் ஒருவன்தான், அவன் பழைய கூட்டாளி. வியட்நாம் யுத்தத்தில் அமெரிக்கச் சிப்பாய்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் ஹெராயினுக்கு அடிமையாகி, ஊர் திரும்பிய முதல் வருஷத்தில் அவர்களில் நூற்றுக்கு ஐந்து பேரே மறுபடி அடிமையானார்கள் என்று லீ ராபின்ஸ் என்னும் அம்மையார் 1970-களில் எடுத்துக் காட்டியபோது உலகம் நம்ப மறுத்தது. சிப்பாய்க்கு யுத்தத்தை விட்டுத் திரும்பி வர ஒரு வீடு இருந்தது. முகாமிலிருந்து வருகிறவன் யுத்தகளத்துக்கே திருப்பி அனுப்பப்படுகிறான்.

உடம்பின் கணக்கையும் பார்க்க வேண்டும். காஜாங் சிறையில் கைதிகளைச் சோதித்த ஆய்வொன்றில், பத்தில் ஒன்பது பேருக்குச் சற்றுக் குறைவானவர்களின் உடம்பில் காசநோய்க் கிருமி உறங்கிக்கொண்டிருந்தது தெரிந்தது. நெருக்கமான அறை, குறைந்த ஆகாரம், அடைத்த காற்று. போதைப்பொருளுக்கும் அந்தக் கிருமிக்கும் நேரடிச் சம்பந்தம் எதுவுமில்லை. ஈரல் அழற்சி ‘சி’ வியாதியோ ஊசியோடு வந்தது. அதற்குரிய ஸோஃபோஸ்புவிர் என்னும் மாத்திரை 2013-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தபோது ஒரு முழுச் சிகிச்சைக்கு 84,000 டாலர் விலை வைத்தார்கள். 2017-இல் மலேசிய சர்க்கார், காப்புரிமை பெற்ற கம்பெனியின் சம்மதத்துக்குக் காத்திராமல், அந்த மருந்தைத் தன் ஆஸ்பத்திரிகளுக்கு மலிவாகத் தருவித்துக்கொள்ளும் உரிமையைச் சட்டப்படியே எடுத்துக்கொண்டது. பெரிய ராஜ்யங்கள் முகம் சுளித்த இந்தக் காரியம் மிகவும் சிலாக்கியமானது என்பது என் அபிப்பிராயம். ஆனால் இலவச மருந்தும் பதிவேட்டில் பெயருள்ளவனுக்குத்தான். தோட்டத்தில் பிறந்து பிறப்புப் பத்திரம் எடுக்கத் தவறியவனின் பிள்ளைக்குப் பிரஜைகளுக்குரிய நீல அடையாள அட்டை கிடையாது; அட்டையில்லாதவனிடம் அரசாங்க ஆஸ்பத்திரி அந்நியனுக்குரிய கட்டணத்தைக் கேட்கிறது. பிரஜை ஒரு ரிங்கிட் கொடுத்து வைத்தியம் பார்த்துக்கொள்ளும் அதே கூடத்தில், இந்த நாட்டிலேயே பிறந்த ஒருவன் கட்டணத்தைக் கேட்டுவிட்டு எழுந்து போகிறான்.

ஸ்கூடாய்க்கென்று விசேஷமான ஒரு சங்கதி உண்டு, அது சிங்கப்பூர். 1961-இல் செய்துகொண்ட ஓர் ஒப்பந்தத்தின்படி இந்த ஆற்றுத் தண்ணீரையே சிங்கப்பூர் அரை நூற்றாண்டு இறைத்துக்கொண்டிருந்தது. 2011 ஆகஸ்டு மாதக் கடைசியில் அந்த ஒப்பந்தம் முடிவடைந்தது. மனிதர்கள் போவது முடிவடையவில்லை. பொழுது விடிவதற்கு வெகு நேரம் முன்பே, மழைக்கோட்டு மாட்டிய ஆயிரக்கணக்கான மோட்டார் சைக்கிள்கள், 1924-இல் திறந்த பழைய கடற்பாலத்துக்கும் 1998-இல் திறந்த துவாஸ் பாலத்துக்குமாகப் பிரிந்து பாய்கின்றன. அங்கே சம்பாதிக்கும் ஒரு வெள்ளி இங்கே மூன்று ரிங்கிட்டுக்கும் அதிகம். அதற்காக மூன்று மணிக்கு எழுந்து, பன்னிரண்டு மணி நேரம் உழைத்து, இரவு பத்து மணிக்குத் திரும்புகிறவன் எப்போது தூங்குவான்? இரவுப் பாளி பார்க்கும் தொழிற்சாலை ஆளுக்கும், வடக்கே ஈப்போ வரையில் நிறுத்தாமல் ஓட்டும் லாரிக்காரனுக்கும் இதே கேள்விதான். சியாபு என்கிற மெத்தம்பெட்டமைன் இந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் வந்திருக்கிறது. அபினி வலியை மறக்கச் செய்தது. இது தூக்கத்தையும் பசியையும் மறக்கச் செய்கிறது. வேலையின் லட்சணம் எப்படியோ லாகிரியின் லட்சணமும் அப்படியே அமைகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. இன்று மலேசியாவில் அகப்படுகிறவர்களில் பெரும்பாலோர் உபயோகிப்பது சியாபு வகையையே. பல் தேயும், இருதயம் தடுமாறும், நாளடைவில் யாரோ பின்தொடர்கிறார்கள் என்ற பிரமை பிடிக்கும். ஹெராயினுக்கு மெதடோன் இருப்பதுபோல் இதற்கு மாற்று மருந்து இன்னும் அகப்படவில்லை.

மெதடோன் கொடுப்பதை நான் நேரில் பார்த்தேன். ஆசிரியரின் பழைய மாணாக்கர் ஒருவர் அரசாங்க சுகாதார நிலையமொன்றில் மருந்துக் கூடத்தில் இருக்கிறார், அவர் தயவு. காலை எட்டு மணிக்கு ஒரு சிறு சன்னல் திறக்கிறது. வந்தவர் அட்டையை நீட்டுகிறார். மில்லிலிட்டருக்கு 5 மில்லிகிராம் என்ற கணக்கில் கரைத்த பாகை, அவரவர் அளவுக்கு அளந்து பிளாஸ்டிக் கிண்ணத்தில் ஊற்றி, சிறிது நீர் சேர்த்துக் கொடுக்கிறார்கள். அங்கேயே நின்று குடிக்க வேண்டும். குடித்ததும் மருந்தாளர் ஏதாவது பேச்சுக் கொடுக்கிறார். வாயில் அடக்கி எடுத்துப் போய் விற்கிறவனால் பதில் சொல்ல முடியாதல்லவா? “மழை பெஞ்சுதா அங்க?” என்று கேட்கிறார். “பேஞ்சுச்சு டாக்டர்” என்று பதில் வருகிறது. அவர் டாக்டர் அல்லர், யாரும் திருத்துவதில்லை. ஒரு வேளைக் குடிப்பு ஒரு நாளைக்கு நிற்கும். தொடர்ந்து மூன்று நாள் வராவிட்டால் அளவை மறுபடி குறைத்து ஆரம்பிக்க வேண்டியிருக்கும். வரிசையில் நின்றவர்கள் அநேகமாக ஐம்பதைத் தொட்டவர்கள். துவைத்துத் தேய்த்த சட்டை. பல் இல்லாத வாய்.

சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவன் இந்த வரிசையில் நிற்க முடியாது. எட்டு மணிக்கு அவன் அக்கரையில் இருப்பான். தவிர, மெதடோன் சிங்கப்பூர்ச் சட்டத்தில் கட்டுப்படுத்தப்பட்ட பொருள். ஆகையால் மருந்தை ஏற்கிறவன் மூன்று மடங்கு சம்பளத்தைத் துறந்தாக வேண்டும். நான் பார்த்தவர்களில் ஒருவர், ஒரு டயர்க் கடையில் வேலை செய்கிற தமிழர், அப்படித் துறந்தவர்தான். ஒழுங்காக வருகிறவர்களுக்குச் சில நாள் மருந்தை வீட்டுக்கே கொடுத்தனுப்புவதுண்டே, உங்களுக்கு ஏன் கொடுக்கவில்லை என்று கேட்டேன்.

“அதுக்கு வீடுன்னு ஒண்ணு இருக்கணும் சார். பூட்டி வைக்க அலமாரி இருக்கணும். பொறுப்புக்கு ஒரு ஆள் கையெழுத்துப் போடணும். நான் கடை மாடியில மூணு பேரோட படுத்துக் கெடக்கேன்.”

சன்னலை ஆறு மணிக்கே திறந்தால் என்ன என்று ஆசிரியர் தம் மாணாக்கரைக் கேட்டார். “திறக்கலாம் சார், ஆளுதான் இல்ல. ஓவர்டைம் கேட்டு எழுதியிருக்கோம்” என்றார் அவர்.

டயர்க் கடை ஊழியர் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டிருந்தார். தினமும் கடைக்கு நேரம் கழித்துப் போகிறீர்களே, முதலாளி ஒன்றும் சொல்வதில்லையா என்று விசாரித்தேன்.

“சக்கரை வியாதின்னு சொல்லி வச்சிருக்கேன் சார். அதுக்கு யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. அவருக்கும் சக்கரைதான். ‘மருந்து குடிச்சியா, கவனமா இருடா’ன்னு அவரே தெனமும் கேக்குறாரு.”